கணக்கு சரியென்றால் குவிமாடம் ஏன் விரிசல் விட்டது?

வணக்கம். முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையிலுள்ள உங்கள் ஊரில் புதிதாகக் கட்டிவரும் கிறிஸ்தவக் கோவிலின் குவிமாடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 12 மீட்டர் விட்டம், அரைக்கோள வடிவம், 10 சென்டிமீட்டர் கனம், எம்25 கான்கிரீட் (சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அமுக்கம் தாங்கும் ரகம்). அடியில் ஒரு வளைய பீம், அதற்குச் சற்று மேலே சுற்றிலும் எட்டு வட்ட ஜன்னல்கள். பீமைக் கார்த்திகையிலும் குவிமாடத்தை மாசியிலும் வார்த்து, 21 நாள் கழித்து முட்டுப் பிரித்திருக்கிறார்கள். சித்திரை முடிவதற்குள் உட்புறத்தில், ஜன்னல்களுக்கு மேலும் கீழும் நெட்டுக்குத்தாக விரிசல்கள் தெரிந்திருக்கின்றன. வடிவமைத்தவர் சவ்வுக் கோட்பாட்டில் போட்ட கணக்கைக் காட்டி, தகைவு (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசை) மிகவும் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். பங்குப்பேரவையில் சிலர், கணக்கு சரியென்றால் விரிசல் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கணக்கு தப்பா, வேலை தப்பா என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: அதன் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து ஞாயிறு மறைக்கல்வி நடத்தலாமா என்பதுதானே?

31 வருடங்களாக நாகர்கோவிலில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். மேல்நிலை நீர்த்தொட்டிகளின் மூடியாகவும் அடியாகவும் வரும் குவிமாடங்கள் பலவற்றைக் கணக்கிட்டும், வார்க்கும்போது மேலே நின்று பார்த்தும் இருக்கிறேன். உங்கள் கோவிலை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் தந்த அளவுகளும் நான்கு படங்களும்தான் கையில் இருக்கின்றன. ஆகையால் கணக்கால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும், பார்த்துத்தான் சொல்ல வேண்டியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சவ்வுக் கோட்பாடு. அக்கானி (பதநீர்) குடிக்கப் பனையோலையில் பட்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரித்த ஓலை கையில் துவண்டு தொங்கும். அதையே மடக்கி வளைத்துக் கட்டினால், ததும்ப ஊற்றினாலும் வடிவம் குலையாமல் நிற்கும். ஓலையின் கனம் ஒரு நூலளவும் கூடவில்லை. வளைவு மட்டும்தான் புதிதாக வந்தது. தட்டையான ஒன்று தன்மேல் வரும் பாரத்தை வளைந்துதான் தாங்க முடியும். வளையும்போது ஒரு முகம் இழுபடும், மறு முகம் அமுங்கும், நடுவிலிருக்கும் பொருள் ஏறக்குறைய சும்மா இருக்கும். வளைந்த ஓடு அப்படியில்லை. பாரத்தைத் தன் பரப்பின் வழியாகவே, மேலிருந்து கீழும் சுற்றுவட்டமாகவும், கனம் முழுவதும் ஒரே சீராக அமுங்கியோ இழுபட்டோ கடத்திவிடும். ஓட்டில் வளைவுத் திருப்புமையே (வளைக்கப் பார்க்கும் திருகலே) இல்லை, இந்தப் பரப்புவிசைகள் மட்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு போடும் கணக்குதான் சவ்வுக் கோட்பாடு. சமன்பாடுகள் குறைவு, கையாலேயே போட்டுவிடலாம்.

உங்கள் அளவுகளுக்கு நானும் போட்டுப் பார்த்தேன். 10 செ.மீ. கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ. ஆரம் 6 மீட்டர். மேலிருந்து கீழாக, பூமி உருண்டையின் தீர்க்கரேகைபோல ஓடும் அமுக்கவிசை உச்சியில் மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன், அடிவிளிம்பில் 15. பத்து செ.மீ. கனத்தில் அது பரவும்போது அடியில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 0.15 நியூட்டன்தான். எம்25 கான்கிரீட்டுக்கு நேர் அமுக்கத்தில் அனுமதிக்கப்படும் தகைவு 6. நாற்பதில் ஒரு பங்கு. பூச்சு, மேலே ஏறி நிற்கும் ஆட்கள், காற்று எல்லாம் சேர்த்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. உங்கள் பொறியாளர் சொன்ன இந்தப் பகுதி சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுற்றுவட்டத் திசையில், அட்சரேகைபோல ஓடும் விசையில்தான் சுவாரசியம். உச்சியில் அதுவும் அமுக்கம்தான். கீழே வர வரக் குறைந்து, உச்சியிலிருந்து 51.8 பாகைக் கோணத்தில் பூஜ்யமாகி, அதற்குக் கீழே இழுவிசையாக மாறிவிடும். (அந்தக் கோணத்தின் கொசைன் 0.618. கணிதக்காரர்கள் பொன் விகிதம் என்று சொல்லும் எண்ணின் தலைகீழ். கல்லூரி நாளில் இதைக் கண்டுபிடித்தபோது இரவு தூங்காமல் மூன்று தரம் சரிபார்த்தது நினைவிருக்கிறது.) அதாவது எந்த அரைக்கோளக் குவிமாடமும் தன் பாரத்தால் அடிப்பாகத்தில் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். கல்லாலும் செங்கல்லாலும் கட்டியவற்றில் கம்பி கிடையாது, இழுவிசை தாங்காது. ஆரஞ்சுச் சுளைகளைப் போல நெட்டுக்குத்தாகப் பிளக்கும். ரோமில் புனித பேதுரு பெருங்கோவிலின் குவிமாடம் இப்படித்தான் விரிசல் விட்டது. 1742-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் மூன்று கணித அறிஞர்களைக் கேட்டார். அடுத்த ஆண்டு ஜொவான்னி போலேனி என்பவர், எடைக்கேற்ற குண்டுகளைக் கோத்துச் சங்கிலியாகத் தொங்கவிட்டு, அந்த வளைவைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் குறுக்குவெட்டோடு ஒப்பிட்டார். சங்கிலியின் கோடு சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கியது. விரிசல் இருந்தாலும் விழாது, ஆனால் இரும்பு வளையங்கள் கூடுதலாகப் போட்டு இறுக்குங்கள் என்றார். போட்டார்கள். இன்றும் நிற்கிறது.

இதைப் படித்ததும், சரி, எங்கள் விரிசலும் அதுதான் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக்கூடும். பங்குப்பேரவையிலும் யாராவது இதையே சொல்லியிருப்பார்கள். நெட்டுக்குத்து விரிசல், அடிப்பாகத்தில். பார்க்க அச்சாக அதேதான். ஆனால் எண்ணைப் பாருங்கள். அடியில் வரும் இழுதகைவும் அதே 0.15 நியூட்டன்தான். எம்25 கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 2 முதல் 3 நியூட்டன் இழுத்தால்தான் பிளக்கும். ஜன்னல் ஓட்டையைச் சுற்றித் தகைவு பெருகுமே என்று கேட்டால், அதையும் சேர்ப்போம். ஒரு தகட்டை ஒரு திசையில் இழுத்தால், அதிலுள்ள வட்ட ஓட்டையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898-லேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் காட்டிவிட்டார். உங்கள் ஜன்னல் இருக்கும் இடத்தில் ஒரு பக்கம் இழுப்பும் குறுக்கே அதே அளவு அமுக்கமும் சேர்ந்து வருவதால் நான்கு மடங்கு வரை போகும். ஓட்டையின் உச்சியிலும் அடியிலும், விரிசல் நெட்டுக்குத்தாகத் தொடங்கும் அதே இரண்டு புள்ளிகளில். நான்கு மடங்கு என்றாலும் 0.6. இன்னும் போதாது. கான்கிரீட் படுமோசமாக இருந்தாலொழிய, குவிமாடத்தின் சொந்தப் பாரம் மட்டும் இந்த விரிசலைப் போட்டிருக்க முடியாது. பாரம் இடத்தைக் காட்டியது, ஆனால் உடைத்த கை வேறு.

அந்தக் கை சுருக்கம். கான்கிரீட் உலர உலரச் சுருங்கும். கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 தோராயமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் அளவு 0.0003. கேட்க அற்பமாக இருக்கும். 6 மீட்டர் ஆரத்தில் அது 1.8 மில்லிமீட்டர். பாரத்தால் உங்கள் குவிமாடத்தின் அடி வெளிப்பக்கம் விரிவது எவ்வளவு தெரியுமா? 0.04 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஓடு சுருங்க விரும்பும் தூரம், பாரத்தால் விரியும் தூரத்தைப்போல 40 மடங்குக்கு மேல். சுருங்க விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் வளைய பீம் கார்த்திகையில் வார்த்தது. மாசிக்குள் தன் சுருக்கத்தில் நல்ல பங்கை முடித்துவிட்டு இறுகி நிற்கிறது. அதன்மேல் புதிதாக வந்த மெல்லிய ஓடு உள்ளே வரத் துடிக்கிறது. கனத்த பீம் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. முழுவதுமாகத் தடுத்தால் எழும் இழுதகைவு 0.0003-ஐ எம்25 கான்கிரீட்டின் விறைப்பைக் காட்டும் மீள்தன்மை எண்ணான 25,000-ஆல் பெருக்கினால் வரும்: 7.5 நியூட்டன். கான்கிரீட் மெல்ல மெல்ல இசைந்து கொடுக்கும் குணத்தால் பாதி குறையும் என்று கொண்டாலும் 3.7. பிளக்க இது போதும். பிளவு தொடங்க இடம் தேடும்போது, ஓட்டையின் உச்சியும் அடியும் தயாராகக் காத்திருக்கின்றன.

இதோடு ஈரம் காக்கும் பிரச்சினையும் உண்டு. தட்டையான கூரையில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். குவிமாடத்தில் ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்தில் கீழே வந்துவிடும். நனைத்துப் போட்ட சாக்கு சரியும். கடற்காற்றும் பங்குனி வெயிலும் மேற்பரப்பை உறிஞ்சும். உங்கள் படத்தில் உச்சிப்பக்கம் சாக்கு கிடக்கிறது, அடிப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரே ஒரு நாளின் படத்தை வைத்து வேலைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதுதான் வழக்கமாக நடப்பது.

இப்போது கணக்கு சரியா தப்பா என்பதற்கு வரலாம். கணக்கு சரி. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்லாது. சவ்வுக் கோட்பாடு விளிம்பைப் பற்றி வாயே திறக்காது. தன் அடிவிளிம்பு நினைத்தபடி நகரலாம், சாயலாம் என்று அது முன்கூட்டியே அனுமானித்துக்கொள்கிறது. பீமோடு சேர்த்து வார்த்த விளிம்பு அப்படி நகராது. நகராத இடத்தில் ஓடு வளைந்தே தீரும்.

இந்த இடத்தில் பெரியவர்களே முட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1880-களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு ஒரு வாதம் வைத்தார்: ஓடு நீளவோ அமுங்கவோ ஆகும் ஆற்றல் அதன் கனத்துக்கு நேர்விகிதம், வளைக்க ஆகும் ஆற்றல் கனத்தின் முப்படிக்கு நேர்விகிதம், ஆகையால் மெல்லிய ஓட்டுக்கு வளைவதே மலிவு, அது நீளாமல் வளையவே பார்க்கும். கணித அறிஞர் ஏ. இ. எச். லவ் 1888-ல் வெளியிட்ட ஓட்டுக் கோட்பாட்டில், அப்படி நீளாமல் வெறுமனே வளைந்தால் விளிம்பின் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாது என்று மறுத்தார். இரண்டு பேர் பக்கமும் உண்மை இருந்தது. ஓட்டின் பெரும்பரப்பு ஒரு விதமாகவும், விளிம்பை ஒட்டிய குறுகிய பட்டை வேறு விதமாகவும் நடந்துகொள்கின்றன. நடுப்பரப்புக்குச் செங்குத்தாக நின்ற கோடு, ஓடு வளைந்த பிறகும் நேராகவும் செங்குத்தாகவுமே நிற்கும் என்று லவ் எடுத்துக்கொண்ட எளிமையில்தான் இன்றைய மெல்லோட்டுக் கணக்குகளில் பெரும்பாலானவை நிற்கின்றன. அதனால் வரும் பிழை, கனத்தை ஆரத்தால் வகுத்த அளவில்தான் இருக்கும். உங்கள் குவிமாடத்துக்கு 60-ல் ஒன்று. கட்டட வேலைக்கு அது பொருட்டே அல்ல.

அந்தக் குறுகிய பட்டை எவ்வளவு அகலம் என்பதுதான் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண். ஆரத்தையும் கனத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 6 பெருக்கல் 0.1, வர்க்கமூலம் 0.77 மீட்டர். அதைப்போல் 2.4 மடங்கு தூரம், அதாவது பீமிலிருந்து சுமார் 1.9 மீட்டர் மேலே போனால், விளிம்பில் எழுந்த வளைவில் நூற்றுக்கு நான்கு பங்குதான் மிச்சமிருக்கும். அதற்கு மேலே சவ்வுக் கணக்கு அப்படியே செல்லும். அதற்குக் கீழே செல்லாது. உங்கள் எட்டு ஜன்னல்களும் அந்த 1.9 மீட்டருக்குள் இருக்கின்றன. கேள்விக்குரிய எல்லாமே, கணக்கு பேசாத அந்தப் பட்டையில்தான் நடக்கிறது.

இதிலிருந்து நீங்கள் இன்னும் பார்க்காத ஒரு விரிசலையும் என்னால் ஊகிக்க முடிகிறது. ஓடு உள்ளே சுருங்குகிறது, அடி பீமில் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் அடியிலிருந்து எழும் சுவர் மெல்ல உள்பக்கம் சாய்ந்து வளைய வேண்டும்; வளைவின் வெளிமுகம் இழுபடும். அந்த வளைவுத் தகைவு, சுற்றுத்திசையில் தடுபட்ட தகைவைப்போல ஒன்றேமுக்கால் மடங்கு வரை போகும். ஆகவே பீமும் ஓடும் சேரும் இடத்தில், வெளிப்பக்கத்தில், படுக்கையாக ஒரு மயிரிழை விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. சாரத்தில் ஏறி வெளியே பாருங்கள். இது என் ஊகம்தான். அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், உள்ளே தெரியும் எல்லா விரிசலையும்விட அதற்குத்தான் முதலில் மருந்து போட வேண்டும், ஏனென்றால் மழையும் உப்புக்காற்றும் நுழையும் வாசல் அது.

மயிரிழை விரிசலைப் பார்ப்பதற்கு வழி ஒன்று உண்டு. 1997-ல் ஒரு கடற்கரை ஊரில் நீர்த்தொட்டிக் குவிமாடம் ஒன்றில் எனக்கு ஒரு கொத்தனார் காட்டித்தந்தது. அந்த வேலையில் முட்டுகளை உச்சியிலிருந்து தொடங்கி நாற்புறமும் ஒரே சீராகத் தளர்த்திக்கொண்டு வரவேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள், பலகை வேறு இடத்துக்கு வேண்டுமென்று மேற்குப் பக்கத்து முட்டுகளை மட்டும் மொத்தமாக உருவிவிட்டார்கள். எல்லாப் பக்கமும் சமமாக இறங்க வேண்டிய ஓடு ஒரு பக்கம் மட்டும் தொங்கி நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் ஒன்றும் ஆகவில்லை என்று சாதித்தார். அந்தக் கொத்தனார் பேசாமல் ஒரு வாளித் தண்ணீரை வீசி அடித்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் மேற்பரப்பு வெளுத்து உலர்ந்தது. விரிசல் மட்டும் குடித்த தண்ணீரை விடாமல், பென்சிலால் கிழித்ததுபோலக் கறுப்பாக ஓடியது, முட்டு இருந்த பகுதிக்கும் உருவிய பகுதிக்கும் எல்லையிலேயே. அன்றிலிருந்து எந்தக் கருவிக்கும் முன்னால் நான் கேட்பது ஒரு வாளித் தண்ணீர்தான். நீங்களும் காலையில் வெயில் ஏறுமுன் செய்து பாருங்கள்.

குவிமாடம் மொத்தமாக உள்வாங்கி நொடிந்துவிடுமா என்ற பயமும் உங்கள் எழுத்தில் இருக்கிறது. மெல்லிய ஓடுகளுக்கு அது நியாயமான பயம். கச்சிதமான கோளம் எந்த வெளியழுத்தத்தில் நொடியும் என்று 1915-ல் ஸோயலி என்பவர் கணக்கிட்டார். ஆனால் சோதனைச்சாலையில் ஓடுகள் அதில் நாலில் ஒரு பங்கு, சிலநேரம் அதற்கும் கீழான பாரத்திலேயே நொடிந்துகொண்டிருந்தன. 1939-ல் ஃபான் கார்மன், ட்சியென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காரணத்தின் நுனியைப் பிடித்தார்கள். 1945-ல் டச்சுக்காரர் கோய்ட்டர் தன் ஆய்வேட்டில் முழுவதுமாக விளக்கினார்: வடிவத்தில் ஓட்டின் கனத்தளவே உள்ள ஒரு சிறு பள்ளம், ஒரு சிறு கோணல் போதும், தாங்கும் பாரத்தைப் பாதிக்கும் கீழே தள்ளிவிட. போர்க்காலத்தில் டச்சு மொழியில் எழுதிய அந்த ஏட்டை வெளியுலகம் பரவலாகப் படிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. ஏவூர்திகளின் மெல்லிய தொட்டிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளின் எஃகுக் குழாய்க் கோபுரங்களையும் வடிவமைப்பவர் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. உங்கள் குவிமாடத்துக்கு? ஸோயலியின் சூத்திரப்படி சதுர மீட்டருக்கு 8,400 கிலோநியூட்டன் வருகிறது. கோணல், நாள்பட்ட இசைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபதில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 420. இருக்கும் பாரம் 2.5, பூச்சும் ஆட்களும் சேர்ந்தால் 4. நொடிவதற்கு வழியே இல்லை.

குவிமாடம் முட்டை ஓட்டைப் போன்றது என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது சரியான உவமை, நினைத்ததைவிடவும் சரி. கோழிமுட்டை ஓட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நடுப்பாகத்தின் ஆரம் 21, 22 மில்லிமீட்டர். ஆரத்தில் 60-ல் ஒரு பங்கு. உங்கள் குவிமாடமும் 60-ல் ஒன்றுதான். ஆனால் முழு முட்டையையும், உடைத்த பாதி ஓட்டையும் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். முழு முட்டை உள்ளங்கையில் அமுக்கினாலும் நிற்கும். பாதி ஓடு விளிம்பில் இரண்டு விரல் பட்டதும் நொறுங்கும். ஓடு அதேதான், விளிம்புதான் அவிழ்ந்துவிட்டது. உங்கள் வளைய பீம், அந்த அறுந்த பாதிக்குப் பதிலாக நிற்கும் பொருள். அதனால்தான் அதில் அவ்வளவு கம்பி. வீண்செலவு என்று பேசியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை உட்காரவைக்கலாமா என்பதற்கு வருகிறேன். வரைபடத்தில் நீங்கள் காட்டியபடி சுற்றுக்கம்பி உண்மையிலேயே போடப்பட்டிருந்தால், கான்கிரீட் பேர்பாதியாவது சரியாக இருந்தால், இந்த விரிசல்களால் குவிமாடம் விழாது. விரிசலில் கான்கிரீட் விட்ட இழுவிசையைக் கம்பி ஏற்றுக்கொள்ளும், அந்த இழுவிசையும் மிகச் சிறியது. இதைத் தயங்காமல் சொல்வேன். அந்த இரண்டு ‘ஆல்’களையும் இங்கிருந்து என்னால் சரிபார்க்க முடியாது. ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்; நடுவில் விரலகலத்துக்கு ஜிப்சம் பட்டை ஒன்று அப்பி அதிலும் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பட்டை உடையவில்லை, நுனி கோட்டைத் தாண்டவில்லை என்றால் சுருக்கம் அடங்கிவிட்டது. நிற்காமல் வளர்ந்தால், அல்லது ஒரே பக்கத்தில் மட்டும் வளர்ந்தால், நான் சொன்ன விளக்கம் தவறு. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவரை கீழே கூட்டம் வேண்டாம். இரண்டாவது, அகலத்தை அளக்கும் அட்டை வாங்கி அளந்து குறியுங்கள். சாதாரண இடத்தில் 0.3 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம் என்கிறது விதிநூல். கடுமையான சூழலுக்கு 0.1. கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள உங்கள் கோவிலுக்கு அந்த இரண்டாவது எண்தான். மூன்றாவது, கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் மீட்டரை வாடகைக்கு எடுத்து ஜன்னல்களைச் சுற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையால் அறுபட்ட கம்பிக்கு ஈடாக மேலும் கீழும் கூடுதல் கம்பி போட்டிருக்க வேண்டும். போட்டிருக்கிறார்களா என்பதுதான் இந்த விவகாரத்திலேயே எனக்கு மிகப் பெரிய சந்தேகம்.

விரிசல் அடங்கிய பிறகுதான் அதை ஒட்டும் எபாக்சிப் பசையைச் செலுத்த வேண்டும். நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலில் செலுத்தினால் பக்கத்தில் புதிதாக ஒன்று பிறக்கும். ஆனால் தென்மேற்கு மழைக்கு முன் வெளிப்புறத்தை நீர்புகாத, இழுபடும் பூச்சால் மூடிவிடுங்கள். விரிசல் அடங்கும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு.

கடைசியாக, பக்கத்தில் கட்டப்போகும் சமூகநலக்கூடத்துக்கு இதே 12 மீட்டரில் தட்டையான குவிமாடம் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதே என்று கேட்டிருந்தீர்கள். 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் ஆரம் 10 மீட்டர், விளிம்பின் கோணம் சுமார் 37 பாகை. 51.8-ஐத் தொடாததால் சவ்வுக் கணக்கில் ஓடு முழுவதும் அமுக்கத்திலேயே இருக்கும், உண்மைதான். ஆனால் அரைக்கோளம் பீமின்மேல் நேராக நிற்கும். தட்டையான குவிமாடம் பீமை வெளியே உதைக்கும். சொந்தப் பாரத்துக்கு மட்டுமே அந்த உதைப்பால் வளைய பீமில் 67 கிலோநியூட்டன், ஏறக்குறைய 6.8 டன் இழுவிசை வரும். பூச்சும் ஆட்களும் சேர்ந்தால் 107. தாங்குவதற்கு நான்கு 16 மில்லிமீட்டர் கம்பி தாராளம். ஆனால் ஓடு மொத்தமும் அந்த நான்கு கம்பிகளை நம்பி நிற்கும். அரைக்கோளத்தில் ஒரு கம்பி துருப்பிடித்தால் விரிசல் வரும். தட்டையானதில் வளையக் கம்பி துருப்பிடித்தால் கூரையே இறங்கும்.

அதனால் கடற்கரையில் கட்டும் எவருக்கும் நான் சொல்வது: மெல்லியதாக்கும் ஆசையைக் கொஞ்சம் விடுங்கள். கடுமையான சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும், எம்30-க்குக் குறையாத கலவை வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இரு முகத்திலும் 45 விட்டால் 10 செ.மீ. ஓட்டில் கம்பிக்கு இடம் எங்கே? உங்கள் கூடத்துக்கு மேலே 12 செ.மீ. வைத்து நடுவில் ஒரே அடுக்குக் கம்பி போடச் சொல்லுங்கள். விளிம்பை நெருங்கும் கடைசி இரண்டரை மீட்டரில் மெல்ல மெல்ல 18 வரை தடிமனாக்கி இரண்டு அடுக்கு போடச் சொல்லுங்கள். பீமையும் ஓட்டின் முதல் சுற்றையும் ஒரே நாளில் வார்த்துவிடுங்கள், மூன்று மாத இடைவெளி வேண்டாம். ஜன்னல் வேண்டுமென்றால் குவிமாடத்தில் துளைக்காமல் பீமுக்குக் கீழே சுவரில் வையுங்கள். மணல் எங்கிருந்து வருகிறது என்று பேரவையிலிருந்து ஒருவர் லாரியோடு போய்ப் பார்த்து வரட்டும். உப்புள்ள மணல் ஒரு லோடு கலந்தாலும் நான் மேலே எழுதிய எந்தக் கணக்கும் உதவாது.

ஜிப்சம் பட்டைகளின் படத்தை ஆடி கழிந்து இங்கேயே போடுங்கள். வெளிப்பக்கம் பீமை ஒட்டி அந்தப் படுக்கை விரிசல் இருந்ததா இல்லையா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.